பெயர் வெட்டப்பட்ட ஊர்கள்

சென்னை மாநகரின் பழைய வணிகப் பகுதியிலே 'அரண்மனைக்காரன் தெரு' என்றொரு தெரு உண்டு. பெயரைக் கேட்போர் யாரோ ஓர் அரசனையும் அவனுடைய மாளிகையையும் மனத்திலே கற்பித்துக்கொள்வர். உண்மை வேறு. ஆர்மீனியர் என்னும் மக்கள் ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்து வாணிகம் செய்தனர். அவர்கள் பெயரால் வழங்கிய தெரு, தமிழர் நாவிலே திரிந்து அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. 1772ஆம் ஆண்டில் எழுந்த அவர்களுடைய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. அதன் வளவிலே ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற குருவானவரின் கல்லறை இருக்கின்றது. அவர் 1794ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளியிட்ட 'அஸ்தரார்' என்னும் இதழே உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதலாவது பத்திரிகையாகும். ஒரு மொழியின் முதற் பத்திரிகை தமிழ் மண்ணிலே அச்சேறியது. ஆனால், அம் மொழியைப் பேசிய மக்களின் பெயரைத் தமிழ் மக்களாகிய நாம் ஒரு தெருவின் பெயரிலேனும் சிதையாமற் காக்கவில்லை.

இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. வாழ்ந்தவர் போயினர், அயலவர் தம் வாய்க்கு வந்தவாறு வழங்கினர். ஆயினும், மறைந்த ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு அயலவர் கையில் என்னவாகும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். அயலவர் நினைவு அன்புடையதாக இருக்கலாம். சரியானதாக இருக்குமென்பதற்கு உறுதியில்லை. மன்னார்க் கரையிலே பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆசிரியத் தொழில் புரிந்த நான் இவ்வுண்மையை எங்கோ கற்றுக்கொள்ளவில்லை. என் சொந்தக் கையெழுத்திலிருந்தே கற்றுக்கொண்டேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆர்மீனியரின் நினைவேடுகள்

1915ஆம் ஆண்டு தொடக்கம் உதுமானியப் பேரரசில் ஆர்மீனிய மக்களுக்கு நேர்ந்த பேரழிவை உலகம் அறியும். கொல்லப்பட்டோர் போக எஞ்சியோர் அலெப்போவிலும் பெய்ரூத்திலும் பாரிசிலும் அமெரிக்க நகரங்களிலும் சிதறுண்டனர். சிதறியவர்கள் செய்த முதற் காரியங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. ஒவ்வோர் ஊரைச் சேர்ந்தவர்களும் தத்தம் ஊர்ச் சங்கத்தை அமைத்தனர். அச் சங்கங்கள் ஊருக்கொரு நூல் எழுதின. அந்நூலுக்கு அவர்கள் மொழியில் 'ஹுஷமாத்யான்', அதாவது நினைவேடு என்று பெயர். பேரரசர்களின் கதையை அவை பேசவில்லை. ஊரின் ஊற்றுக்கள் எத்தனை, எந்தத் தெருவில் யார் வீடு, எந்தத் திருநாளில் எந்தப் பலகாரம், எந்தக் குடும்பத்துக்கு என்ன பட்டப்பெயர் என்பனவே அவற்றின் பொருள். இவ்வேடுகளையும் பழைய படங்களையும் திரட்டி, மறைந்த ஊர்களின் அன்றாட வாழ்க்கையை மீளக் கட்டியெழுப்பும் பணிக்கென 2010ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே இதே பெயரில் ஓர் அமைப்பும் தோன்றியுள்ளது.

இன்னொன்றும் செய்தனர். மூசா மலை என்னும் மலைச்சாரலிலிருந்த ஊர் மக்கள் 1939இல் லெபனானிலுள்ள அஞ்சார் என்னுமிடத்திற் குடியேறியபோது, புதிய ஊரை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, விட்டுவந்த ஆறு கிராமங்களின் பெயர்களை அவற்றுக்கு இட்டனர். ஆர்மீனியாவின் தலைநகராகிய எரவானிலே 'நோர் அரப்கிர்', 'நோர் மலாத்தியா' என்று வட்டாரங்கள் தோன்றின. 'நோர்' என்றால் 'புதிய' என்று பொருள். பழைய ஊர் பறிபோயிற்று. பெயரையேனும் பறிகொடுக்க மாட்டோம் என்ற உறுதி அது.

ஒப்பிடும்போது எல்லை கடந்துவிடுதல் ஆகாது. மன்னாரில் நடந்தது 1915இல் நடந்ததன்று. அது பேரழிவு, இது வெளியேற்றம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது இருசாராருக்கும் இழைக்கும் அநீதியாகும். நான் ஒப்பிடுவது துயரத்தின் அளவையன்று. துயருற்றோர் நினைவைக் காத்துக்கொண்ட முறையையே.

மன்னாரில் நடந்தது

மன்னார்த் தீவிலே எருக்கலம்பிட்டி, தாராபுரம், பெருநிலத்தில் விடத்தல்தீவு, தெற்கே முசலிப் பிரிவில் சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி, பாலைக்குளி, மறிச்சுக்கட்டி. இவை யாவும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மன்னார் மாவட்ட மக்களுள் காற்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் முஸ்லிம்களாவர். தாய்மொழி தமிழ், தொழில் கடலும் வயலும் வாணிகமும். எருக்கலம்பிட்டிப் பெண்கள் இழைத்த பாய்க்கு இலங்கையெங்கும் நற்பெயர் இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் கிழக்கிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். தமிழ் மக்களும் பல இடங்களிற் படுகொலைக்கு ஆளாகினர். அவ்வாண்டு ஒக்டோபரின் பிற்பகுதியில், வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் யாவரும் வெளியேற வேண்டுமெனத் தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேரமே அவகாசம் கொடுக்கப்பட்டது. மன்னாரிற் சில நாட்கள் கிடைத்தன. நகையையும் பணத்தையும் பொருளையும் விட்டுவிட்டு, மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்கும், தரை வழியாக வவுனியா, அநுராதபுரத் திசைகளுக்கும் சென்றனர். இரு கிழமைகளுள் வடமாகாணம் ஏறத்தாழ 75,000 மக்களை இழந்தது. அவர்களுட் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தவர்.

அதே ஆண்டில் அதே கரையிலிருந்து தமிழ் மக்களும் வள்ளமேறி இராமேசுவரத்துக்கு ஓடினர். மண்டபம் முகாம் நிரம்பியது. ஒரே கரையின் ஒரு சாரார் வடமேற்கே சென்றனர். மறு சாரார் தெற்கே சென்றனர். இருவரும் தமிழிலேயே அழுதனர். ஆனால், முதலாமவரைப் பற்றிய கதைகளும் கவிதைகளும் எம்மிடம் பல உள. இரண்டாமவரைப் பற்றித் தமிழ் எழுத்துலகம் நெடுநாள் வாய் திறவாதிருந்தது. விதிவிலக்காக எழுதியோர் சிலரே. 2002 ஏப்ரிலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டிலே, அவ்வெளியேற்றம் ஓர் அரசியற் தவறு என்று புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் ஏற்றுக்கொண்டார். செய்தவர்களே தவறென்று ஒப்பிய பின்னரும், பார்த்திருந்த நாம் பேசத் தயங்கினோம் என்பதே உண்மை.

என் இடாப்பு

இங்கே என் பங்கைக் கூறுதல் கடமையாகும்.

1990ஆம் ஆண்டு நான் மன்னார்க் கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். இரு சமூகத்துப் பிள்ளைகளும் கலந்திருந்த வகுப்பு அது. நவம்பரிற் பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கியபோது 23 பிள்ளைகள் வரவில்லை. சில மாதங்கள் இடாப்பில் அவர்கள் பெயருக்கெதிரே வரவின்மைக் குறியிட்டு வந்தேன். பின்பு, விதிப்படி பெயர்களை வெட்டவேண்டியதாயிற்று. சிவப்பு மையினால் 23 கோடுகள் கீறினேன். சேர்விடாப்பிலே 'விலகிய காரணம்' என்றொரு நிரல் உண்டு. அதில் என்ன எழுதுவது? உண்மையை எழுத அக்காலத்தில் எனக்கு அச்சமாயிருந்தது. எல்லாப் பெயர்களுக்கும் எதிரே 'பெற்றோர் இடமாற்றம்' என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று கூறி என்னை நான் உயர்த்திக்கொள்ள விரும்பவில்லை. கை நடுங்கவில்லை. கையெழுத்துத் தெளிவாகவே இருந்தது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. சில ஆண்டுகளின் பின் புத்தளத்துக்குச் சென்றிருந்தபோது, அந்த 23 பேருள் ஒருத்தியைக் காண நேர்ந்தது. தன் பிள்ளைகளையும் பார்க்கும் வயதை அடைந்திருந்தாள். என்னை இருத்தித் தேநீர் தந்து ஊர்ப் புதினங்கள் யாவும் கேட்டாள். பின்பு ஒரு கடதாசியைக் கொணர்ந்து காட்டினாள். தந்தையின் காணியை மீளப் பெறுவதற்காக, தன் குடும்பம் மன்னாரில் வாழ்ந்ததென நிறுவ வேண்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்ற விடுகைப் பத்திரம் அது. காரண நிரலிலே என் சொற்கள் இருந்தன: 'பெற்றோர் இடமாற்றம்'. அதனைப் பார்த்த அலுவலர் ஒருவர், "நீங்களாகவே மாறிப் போயிருக்கிறீர்களே" என்று கூறினாராம்.

"சேர், நீங்க வேணுமெண்டு எழுதினீங்க எண்டு நான் சொல்லல்ல. ஆனா, எழுதினதத்தானே அவங்க வாசிக்கிறாங்க" என்றாள்.

அவள் குரலிற் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும்.

நினைவைப் பேணுதல் என்றால் நம்மவர் பலர் விளக்கேற்றுதலையும் கவிதை பாடுதலையும் எண்ணுகின்றனர். அன்று முதல் நான் அவ்வாறு எண்ணுவதில்லை. நினைவு ஓர் உணர்ச்சி மட்டுமன்று. அது ஒரு சான்று. எழுதப்படாத நினைவு, எழுதப்பட்ட பொய்யின் முன்னே தோற்றுப்போகும்.

காடா, ஊரா?

இக் கூற்றின் உண்மையை முசலியிலே கண்கூடாகக் காணலாம். பத்தொன்பது ஆண்டுகள் மனிதர் நடமாட்டமற்றுக் கிடந்த ஊர்களைக் காடு மூடியது. மக்கள் திரும்பத் தொடங்கியபோது, ஒரு குடும்பமாகச் சென்றது மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தது. அவர்களைப் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என வகைப்படுத்தி, உதவி வழங்குவதிற் பின்வரிசையில் நிறுத்தினர். அதற்கிடையில் 2012இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் அப்பகுதியின் நிலங்களைக் காட்டு ஒதுக்கிடங்களாக்கியது. 2017 மார்ச்சில் வெளியான அறிவித்தல் வில்பத்துக்கு வடக்கே மாவில்லு என்னும் பாதுகாக்கப்பட்ட வனத்தைப் பிரகடனம் செய்தது. 2015 முதலாகத் தென்னிலங்கைப் பத்திரிகைகளில் 'வில்பத்து அழிகின்றது' என்ற முழக்கம் எழுந்தது. திரும்பி வந்தவர் ஆக்கிரமிப்பாளராகத் தோற்றமளித்தனர்.

காடு காக்கப்பட வேண்டுமென்பதில் எனக்கு ஐயமில்லை. மழை குன்றிய மன்னார் மாவட்டத்தில் மரத்தின் அருமையைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதில்லை. திரும்பி வந்தோர் பெயரால் நடந்த ஒவ்வொரு வெட்டும் பழைய ஊர்க்காணியிலேதான் நடந்ததென்று நான் வாதிக்கவும் மாட்டேன். வில்பத்துக்கு வடக்கேயுள்ள ஒதுக்கக் காட்டிற் குடியேற்றத்துக்காக மரங்கள் அழிக்கப்பட்டது சட்டத்துக்கு மாறானதென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதனையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆனால், வினா இதுதான்: எது பழைய ஊர், எது பழைய காடு என்பதை எவ்வாறு பிரித்தறிவது? கிணற்றின் கட்டு, பள்ளிவாசலின் அத்திவாரம், மையவாடியின் நடுகற்கள், வரிசையாக நின்ற தென்னைகள் ஆகியன நிலத்தின் சான்றுகள். உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் தாளின் சான்றுகள். ஓடியவர்கள் பலர் அத் தாள்களை இழந்தனர். எஞ்சியது முதியோரின் ஞாபகம். அது ஊர்வாரியாக, வீட்டுவாரியாக, வரைபடமாக எழுதப்பட்டிருந்தால், மெய்யான உரிமையும் பொய்யான உரிமைக்கோரிக்கையும் ஒரே கூடையில் விழுந்திரா. எழுதப்படாமையினால் உண்மையாளர் இழந்தனர், காடும் இழந்தது. நினைவேடு குடியேறுவோருக்கு மட்டுமன்றிக் காட்டைக் காப்போருக்கும் துணை என்பதை இரு தரப்பாரும் உணரவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் குறிப்பிடலாம். இதே மறிச்சுக்கட்டிக் கரையிலே 1905, 1906ஆம் ஆண்டுகளிற் பெரிய முத்துக்குளிப்புக்கள் நடந்தன. சில வாரங்களுக்கென ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரம் எழும். குளிப்பு முடிந்ததும் மறையும். 1906இல் அங்கே கடமையாற்றிய இளம் அதிகாரி லெனாட் வூல்ப் பிற்காலத்திற் பெயர்பெற்ற எழுத்தாளரானார். தம் வரலாற்றில் அதனை வருணித்தார். அரசாங்க அறிக்கைகளும் நிழற்படங்களும் அச் சில வாரத்து நகரைப் பற்றி ஏராளமாக உள்ளன. ஆண்டாண்டாக அங்கேயே வாழ்ந்த ஊரைப் பற்றியோ ஒரு சிறு நூல்தானும் தேடிப் பெறல் அரிது. ஆள்வோருக்கு முத்து வேண்டியிருந்தது, ஊர் வேண்டியிருக்கவில்லை. ஆகவே, முத்து ஏட்டில் ஏறியது.

முள்ளிக்குளம்

"எம் இழப்பே எமக்குப் பெரிது, பிறர் இழப்பை எழுத எமக்கு ஏது நேரம்?" என்று தமிழ் அன்பர் சிலர் கேட்பதுண்டு. அவர்களை மறிச்சுக்கட்டிக்கு அயலூராகிய முள்ளிக்குளத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது கத்தோலிக்கத் தமிழர் வாழ்ந்த பழைய ஊர். 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையின்போது அம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு சென்றனர். போர் முடிந்த பின் வந்து பார்த்தபோது, அவர்கள் ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாகிவிட்டிருந்தது. ஊரின் தேவாலயம் வேலிக்குள்ளே. ஊரவர் வேலிக்கு வெளியே. வழிபாட்டுக்கு மட்டும் உள்ளே செல்ல அனுமதி. 2017 மார்ச்சில் மக்கள் ஊர் வாசலிலே அமர்ந்து தொடர் போராட்டம் நடத்தினர். ஏப்ரில் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை இணங்கியது. இணக்கம் விரைவாக வந்தது. நிலம் அவ்வளவு விரைவாக வரவில்லை.

ஒரே கரையில் இரண்டு ஊர்கள். ஒன்றை 1990இல் தமிழ் ஆயுததாரிகள் வெறுமையாக்கினர். மற்றதை 2007இல் அரச படையினர் வெறுமையாக்கினர். ஒன்றின்மேற் காடு வளர்ந்தது. மற்றதன்மேல் முகாம் எழுந்தது. இரு ஊரவரும் அலுவலக வாசல்களில் நின்று கூறுவது ஒரே வார்த்தைதான்: "நாங்கள் இங்கே இருந்தோம்." ஒருவர் கூற்றைத் தள்ளிவிட்டு மற்றவர் கூற்றை மட்டும் ஏற்பவர் எவராயினும், அவர் ஊருக்காகப் பேசவில்லை, கட்சிக்காகவே பேசுகின்றார்.

கடல் கொண்டதும் மனிதர் கொண்டதும்

தலைமன்னாருக்கு நேர் எதிரேயிருந்த தனுஷ்கோடி 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு எழுந்த புயலில் அழிந்தது. அந்த ஊரின் நினைவு இன்றும் அழியவில்லை. இடிந்த தேவாலயத்தையும் புகையிரத நிலையத்தையும் காண நாள்தோறும் மக்கள் செல்கின்றனர். கடல் கொண்ட ஊரை நினைப்பது எளிது. ஏனெனில் கடலை எவரும் விசாரிப்பதில்லை. மனிதர் வெறுமையாக்கிய ஊரை நினைப்பதுதான் கடினம். 'யார் செய்தார்? யார் பார்த்திருந்தார்? கதவு நிலைகளும் கூரை ஓடுகளும் யார் வீட்டுக்குச் சென்றன?' என்ற வினாக்கள் அந்நினைவோடு கூடவே வரும். ஆகவேதான், 'பழம் புண்ணைக் கிளறாதீர்' என்ற அறிவுரை இத்தகைய ஊர்களுக்கு மட்டும் வழங்கப்படுகின்றது. புண் ஆறிய பின்னரே அவ்வறிவுரை பொருந்தும். காணி கிடைக்காதவனுக்கும், வாக்காளர் இடாப்பிற்கென இரு மாவட்டங்களுக்கிடையே அலைந்தவனுக்கும் அது பழம் புண்ணன்று.

காலம் கடந்துகொண்டிருக்கின்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அன்று குடும்பத் தலைவர்களாக இருந்தோருட் பலர் புத்தளத்து மண்ணிலே அடங்கிவிட்டனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மன்னார், பெற்றோர் சொல்லும் ஊர். சொந்த ஊர் புத்தளமே. அவர்கள் திரும்பவேண்டுமென நான் வற்புறுத்தவில்லை. திரும்புவதும் திரும்பாததும் அவர்கள் உரிமை. ஆனால், திரும்பாதவனுக்கும் ஊர்க் கதை உரியது. மறுபுறத்திலோ, மன்னாரின் மண்ணைப் பற்றிய புதிய வழக்குகள் தொடங்கிவிட்டன. 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகள் கொண்ட மின்நிலையம் தீவிலே திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்றும் கனிய மணல் அகழ்வு வேண்டாமென்றும் 2025 ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினர். நாளைக்கு எந்த நிலம் யாருடையது, எந்த மேட்டில் என்ன இருந்தது என்ற வினா எழும்போது, ஏடுள்ளவன் பேசுவான், ஏடற்றவன் கேட்டிருப்பான்.

செய்யவேண்டியது

நம்மிடம் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டிலேயே இலங்கை ஊர்களைப் பற்றிய அகராதி நூலொன்றை வெளியிட்டார். மன்னார் பற்றி போக் என்னும் அதிகாரி 1888இல் ஒரு நூல் எழுதினார். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதியின் நாட்டுப் பாடல்களையும் கூத்து நூல்களையும் பதிப்பித்திராவிடில், அவற்றுட் பல ஏட்டுச் சுவடியோடு மக்கிப்போயிருக்கும். வெளியேற்றப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பேராதனைப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, முகாம் முகாமாகச் சென்று இழப்புக்களைக் கணக்கெடுத்து 2001இல் நூலாக்கினார், 2018இல் மறைந்தார். 2009இல் அமைந்த பிரஜைகள் ஆணைக்குழு பல ஊரவரின் சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. இவை பெருஞ் செல்வங்கள். ஆயினும், ஆய்வு நூல் வேறு. ஊர் நூல் வேறு. ஆய்வு நூலிலே ஊர் ஓர் எண்ணாக வரும். ஊர் நூலிலே எண் ஒரு வீடாக வரும்.

அத்தகைய ஊர் நூலில் இருக்கவேண்டியவை எவை? முதலாவது, ஞாபகத்திலிருந்து வரைந்த படம்: வீடு, கிணறு, ஒழுங்கை, பள்ளிவாசல், தேவாலயம், மையவாடி, சேமக்காலை, கரைவலை இழுத்த பாடு என்பன யாவும் பெயரோடு. இரண்டாவது, காணித் துண்டுகளின் வழக்குப் பெயர்கள். உறுதி தொலைந்தாலும் பெயர் தொலையாதிருக்கும். மூன்றாவது, தொழிற்சொற்கள். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றை அறிந்த மக்களின் மொழி, கடலை விட்டு அகன்ற ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். நான்காவது, வெளியேறிய நாளின் கதை. அதில் வெளியேற்றியவர் செயலோடு அயலவர் செயலும் வரவேண்டும்: நகையை ஒளித்துவைத்துப் பின்னர்க் கொடுத்தவரும் வரவேண்டும்; வெறும் வீட்டிலிருந்து கதவைக் கழற்றியவரும் வரவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது புகழ்மாலை. மற்றதை மட்டும் எழுதினால் அது வழக்குப் பத்திரம்.

இதனை எழுதவேண்டியவர் யாவர்? ஆர்மீனியருக்கு ஒரு பெருங் குறை இருந்தது: அவர்கள் தனியாகவே எழுதவேண்டியிருந்தது. அயலவர் உடனிருந்து, "ஆம், இது இவர்கள் வீடு, நான் இங்கே கல்யாணச் சோறு உண்டேன்" என்று கூறவில்லை. மன்னாருக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கின்றது. மறிச்சுக்கட்டியின் நூலுக்கு முள்ளிக்குளத்து முதியவர் சாட்சி கூறலாம். முள்ளிக்குளத்தின் நூலுக்கு மறிச்சுக்கட்டி முதியவர் சாட்சி கூறலாம். அயலவன் தனியாக எழுதினால் அரண்மனைக்காரன் தெருவாகும். இழந்தவன் தனியாக எழுதினால் 'தன் வாயாலே தன் சாட்சி' என்று உலகம் தள்ளும். இருவரும் சேர்ந்து எழுதிய ஏட்டை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. மன்னாரிலும் புத்தளத்திலும் உள்ள உயர்வகுப்பு மாணவர்கள், விடுமுறைக் காலத்தில் ஆளுக்கொரு முதியவரிடம் அமர்ந்து ஓர் ஒழுங்கையின் படத்தை வரையட்டும். ஓர் ஊருக்கு நாற்பது ஒழுங்கைகள் இருக்குமாயின் நாற்பது மாணவர் போதும். இதற்கு ஆணைக்குழு வேண்டியதில்லை. அரசாங்க உத்தரவும் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு கொப்பியும் பொறுமையும் முதியவர் உயிரோடிருக்கும் காலமும் மட்டுமே.

என்னளவில் நான் தொடங்கிவிட்டேன். பழைய சேர்விடாப்பில் இனி ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால், 'பெற்றோர் இடமாற்றம்' என்று எழுதியவன் நானே என்றும், அது உண்மையன்று என்றும், அக் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டன என்றும் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து அந்த மாணவிக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்கும் அனுப்பவேண்டும். அதற்கு அவர்கள் பெயர்கள் வேண்டும். இருந்த வரிசையிலே, சன்னலோரத்திலிருந்து தொடங்கி, ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தேன். பதினேழு பெயர்கள் வந்தன. ஆறு பெயர்கள் வரவில்லை. அவள் நன்கறிவாள், அவளுக்கு நேற்றுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.